தாடை கூடும் காலம்

சத்திர சிகிச்சை என்பது மயக்க மருந்தில் தொடங்கித் தையலில் முடிந்துவிடுகிற காரியம் என்றும், அதன் பிறகு நோயாளிக்கு மிஞ்சியிருப்பது ஓய்வு ஒன்றே என்றும் நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். குடல்வாலை நீக்குவது முதலிய சில சிகிச்சைகளின் விஷயத்தில் அவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். ஆனால், கோணலாகவோ, அளவுக்கு மிஞ்சியோ, வளர்ச்சி குன்றியோ அமைந்துவிட்ட தாடை எலும்பை அறுத்து நகர்த்தி உரிய இடத்தில் பொருத்துகிற சிகிச்சையில், வைத்தியரின் கை ஓய்கிற இடத்தில்தான் வீட்டாரின் வேலை ஆரம்பமாகிறது. அந்த வேலையும் ஒரு நாளில் இரு நாளில் தீராமல் மாதக்கணக்கில் நீள்கிறது. பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்வதையே பணக்காரர் காரியமாகக் கருதிய காலம் போய், புளியங்குடி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர் போன்ற நம் தென்காசி ஜில்லாவின் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பெருநகரங்களுக்குச் சென்று தாடையைத் திருத்திக்கொண்டு திரும்பக்கூடிய காலம் வந்திருக்கிறது. அவர்களுடைய சிகிச்சைக்கு என்ன செலவாயிற்று என்று ஆவலோடு விசாரிக்கிற நாம், அவர்கள் மீண்டெழுகிற நாட்களை எவ்வாறு கழிக்கிறார்கள் என்று அத்தனை சிரத்தையுடன் விசாரிப்பதில்லை. மீளும் காலமும் சிகிச்சையைச் சேர்ந்ததே. ஆதலால் அதற்கு வேண்டிய சௌகரியங்களைச் சொந்த ஊரிலேயே கிடைக்கச் செய்வது சர்க்காருக்கும் சமூகத்துக்கும் உள்ள கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

1849-ஆம் வருஷம் அமெரிக்காவில் வீலிங் என்னும் ஊரில் வாழ்ந்த சைமன் ஹல்லிஹென் என்ற ரண வைத்தியர், ஓர் இளம் பெண்ணுக்குத் தாம் செய்த சிகிச்சையைப் பற்றி எழுதி வெளியிட்டார். சிறு பிராயத்தில் கழுத்திலும் முகத்தின் கீழ்ப்பாகத்திலும் நெருப்புப் பட்டு, ஆறிய தழும்பு வருஷக்கணக்காக இழுத்த இழுப்பிலே கீழ்த்தாடை முன்னோக்கி நீண்டு வளைந்துபோன பெண் அவள். அந்த எலும்பை அறுத்து அவர் பின்னுக்குத் தள்ளியதைத்தான் தாடை திருத்தும் சிகிச்சையின் முதல் சாட்சியமாக வைத்திய நூலோர் கொள்கின்றனர். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1957-இல், ஹூகோ ஓப்வெகேசர் என்பவர் தம் ஆசிரியர் ட்ரௌனருடன் சேர்ந்து, வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையின் பின்பாகத்தை நெடுக்காக இரு ஏடாகப் பிளந்து, வேண்டிய அளவு முன்னோ பின்னோ நகர்த்துகிற முறையை வெளியிட்டார். வெளியே கன்னத்தில் தழும்பு விழாமல், பிளந்த முகங்கள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து நன்றாகக் கூடுவதற்கு இடம்கொடுக்கிற அந்த முறையே சிற்சில திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

அக்காலத்தில் அறுத்த எலும்பு அசையாதிருக்கும் பொருட்டு மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் இறுகக் கட்டி, ஆறு வாரம்வரை வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்தனர். வாந்தி வந்தால் மூச்சடைத்துப் போகுமென்று கம்பியை வெட்டும் குறடு ஒன்றை நோயாளியின் தலைமாட்டிலேயே வைத்திருக்கும்படி சொல்லி அனுப்புவது வழக்கம். இப்போது டைட்டானியத்தால் ஆன சிறு தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு எலும்பை எலும்போடு பிணைத்துவிடுவதால், பெரும்பாலோருக்கு அந்த அவஸ்தை இல்லை. பற்களில் ஒட்டிய கிளிப்புகளில் ரப்பர் வளையங்களை மாட்டி, கடி சரியான இடத்தில் விழும்படி மட்டும் வழிநடத்துகிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகையைப்போல, எலும்பு தானே பலம் பெறும்வரை அதைத் தாங்கி நிற்பதுதான் தகட்டின் வேலை. எலும்பு கூடுவதற்கு ஹல்லிஹென் காலத்தில் எத்தனை வாரம் வேண்டியிருந்ததோ, ஏறக்குறைய அத்தனை வாரம் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரையிலான அந்த அவகாசத்தை எந்த யந்திரமும் சுருக்கித் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள் சொற்பம். வீக்கம் உச்சத்தை எட்டுவது இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும். அது வடிவதற்கு முன்னமே பலர் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றனர். கன்னங்கள் உப்பி, உதடு தடித்து, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து நிற்கிற அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது, இதற்காகவா இவ்வளவு வேதனைப்பட்டோம் என்ற கலக்கம் எழாதவர்கள் அரியர். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடுகிற நரம்பு, எலும்பைப் பிளக்கும்போது இழுபட்டு நலிவதால், கீழுதடும் நாடியும் மரத்துப்போகின்றன. குடித்த கஞ்சி வழிந்து இறங்குவதைப் பிறர் சொல்லித்தான் நோயாளி அறிந்துகொள்கிறார். அந்த மரப்பு வாரங்களிலும் மாதங்களிலுமாகக் குறுகுறுப்போடு மெல்ல நீங்குவது பெரும்பான்மை. சிலருக்கு ஏதோ ஒரு சிறு பாகத்தில் மரத்தே நின்றுவிடுவதும் உண்டு. மேல்தாடையையும் அறுத்திருந்தால் மூக்கைச் சிந்தக் கூடாது. தலையை உயர்த்தி வைத்தே உறங்க வேண்டும். உறிஞ்சு குழலை வாயில் வைத்து இழுக்கக் கூடாது. சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னேயுள்ள சந்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆகாரத்தை உள்ளே விடுவது முதல் நாட்களின் பிரதான கைங்கரியம்.

என் உறவினர் வீடொன்றில் இதை நேரிலே கண்டேன். பேத்தி உண்ணாமல் கிடக்கிறாளே என்று மனம் பொறாத ஆச்சி, ஒவ்வொரு வேளையும் வட்டிலை ஏந்திக்கொண்டு வந்து நின்று, "ஏ மக்கா, வாயத் தொறந்து ரெண்டு வாய் சோறு தின்னாத்தானே மேலுக்குத் தெம்பு வரும்" என்று கெஞ்சுவார். பேசமுடியாத அந்தப் பெண், மடியிலிருக்கும் நோட்டில், "கஞ்சிய இன்னும் கொஞ்சம் வடிச்சுத் தா ஆச்சி" என்று எழுதிக் காட்டுவாள். அந்த அம்மையாரின் அன்பில் யாதொரு குறையும் இல்லை. வீடு திரும்பும்போது மருந்துச் சீட்டோடு, பக்குவம் சொல்லும் தாள் ஒன்றைத் தமிழிலே எழுதி அவர் கையில் எவரும் கொடுத்தனுப்பவில்லை என்பதுதான் குறை. வருகிற சுற்றத்தாரோ, "இதென்ன கோலம்?" என்று வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள். மெல்லவும் பேசவும் முடியாமல், தன் முகம் தனக்கே அந்நியமாகிக் கிடக்கிற முதல் இரண்டு வாரங்களில் மனச்சோர்வு மிகுவது இயல்பென்று வைத்தியர்கள் அறிவார்கள். அந்த அறிவு வாசற்படியில் நிற்கிற சித்திக்கும் பெரியம்மைக்கும் எட்ட வேண்டாமா?

அழகுக்காக முகத்தில் கத்தி வைப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாதவன் வடையையும் கொய்யாவையும் முன்பல்லால் கடிக்க முடியாது; சில எழுத்துக்களைச் செம்மையாக உச்சரிக்கவும் முடியாது. கீழ்த்தாடை மிகவும் உள்வாங்கியவர்களில் சிலருக்கு உறக்கத்தில் நாக்கு பின்சரிந்து மூச்சு தடைப்படுகிறது. அன்னப்பிளவோடு பிறந்து, மழலையிலேயே உதடும் அண்ணமும் தைக்கப்பெற்ற குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மேல்தாடை வளர்ச்சி குன்றிவிடுவதால், வளர்ந்தபின் அதை முன்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் அவயவத்தின் தொழிலைச் சீர்ப்படுத்தும் காரியங்கள். கூடவே முகவிலாசமும் சீர்ப்படுமானால், பள்ளியிலும் தெருவிலும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பதைக் கண்டு நாம் மகிழ வேண்டுமேயல்லாமல், 'கலியாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு இது தேவையா' என்று திண்ணையில் விசாரணை நடத்துவது தகாது. சிகிச்சையை ரகசியமாக வைத்துக்கொள்ள நினைக்கிற குடும்பங்கள் உதவி கேட்கவும் கூசுகின்றன. வாயைக் கொப்பளிக்கும் உப்புநீரிலிருந்து வாரந்தோறும் போகவேண்டிய பரிசோதனைவரை ஒவ்வொன்றும் அந்தக் கூச்சத்தினாலேயே தடைப்படுகிறது.

ஆகாரத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். புண் ஆறும்வரை முட்டையும் மீனும் பருப்பும் ஆகாது, சீழ் வைக்கும் என்று பத்தியம் விதிக்கிற பழக்கம் நம் ஜில்லாவில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. மெல்ல முடியாததனால் ஏற்கெனவே பாதி வயிறாயிருக்கிற நோயாளிக்கு இதைவிடத் தீங்கு செய்யும் அன்பு வேறில்லை. புண்ணின் தசையும் எலும்பின் இணைப்பும் புரதத்தினால் ஆவன. புரதத்தை விலக்கினால் புண் ஆறுவது தாமதப்படும். சில கிலோ எடை குறைவது இந்தச் சிகிச்சையில் சகஜமாகையால், மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். நல்லவேளையாக, நம் அடுப்படிக்கு இந்தக் கலை புதிதன்று. நொய்யரிசிக் கஞ்சியும், கேப்பைக் கூழும், குழைய வெந்து வடித்த பாசிப்பருப்பு நீரும், மோரும், ஆட்டுக்கால் சாறும், பாலில் அடித்துக் கலந்த முட்டையும், கட்டியில்லாமல் வடிகட்டினால் போதும், முதல் இரண்டு வாரத்துக்கு உற்ற துணையாகும். சூடு மிகக் கூடாது. உதடு மரத்திருப்பதால் சுட்டது தெரியாமலே வெந்துபோகும். பிறகு குழைந்த சோறு, இட்லி, மசித்த வாழைப்பழம் என்று படிப்படியாக ஏற வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் ஊரெல்லாம் பிரானூர் எல்லையில் பரோட்டாவுக்கும் கோழிக்கும் வரிசையில் நிற்கும்போது, வீட்டில் கஞ்சியை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பது இளையவர்களுக்கு எளிதன்று. ஆனாலும் எலும்பு கூடும்முன் பரோட்டாவைக் கடித்திழுத்தால் தகடே பெயர்ந்துவிடக்கூடும் என்பதை அவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் இருந்துகொண்டு அந்தக் கனியைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை. 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, அவருடைய மாலுமிகள் காயும் கனியும் காணாமல் மாதக்கணக்காகக் கடலில் உழன்று, ஸ்கர்வி என்னும் நோயால் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அவர்களுள் ஒருவர், 1690-இல் பாய்ன் நதிக்கரைப் போரில் காயமுற்று, ஐம்பது வருஷமாக ஆறியிருந்தவர். அந்த நோய் பற்றியதும் அவருடைய பழைய புண்கள் புதிதாகத் திறந்துகொண்டன; எப்போதோ முறிந்து கூடியிருந்த எலும்பும் இணைப்பு கரைந்து மறுபடி பிரிந்துபோயிற்று. சில வருஷங்களுக்குப் பின், 1747-இல், ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். புண்ணையும் எலும்பையும் பிணைக்கிற கொல்லாஜன் என்னும் நாரைத் தேகம் உண்டாக்குவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது என்று பிற்காலத்து விஞ்ஞானம் அதற்குக் காரணம் கண்டது. ஆறிய புண் ஆறியே இருப்பதற்கும்கூட இந்தச் சத்து நாள்தோறும் வேண்டும் என்று அந்தக் கிழவரின் எலும்பு நமக்குத் தெரிவிக்கிறது. ஆகவே வாய்ப்புண் ஆறத் தொடங்கியபின், நன்றாக நீர் கலந்து, எரிச்சல் தராத அளவில் எலுமிச்சைச் சாறு கொடுக்கலாம். புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்குமாதலால் குடித்தவுடன் வெறும் தண்ணீரால் வாயை அலசிவிட வேண்டும். மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குப் பழம் அனுப்புகிற ஊரில், மீண்டெழுகிற ஒரு பிள்ளைக்கு இந்தச் சத்து குறைந்தது என்ற பேச்சுக்கு இடமிருக்கக் கூடாது.

தாடைச் சிகிச்சையின் ஒரு வகையில் மீளும் காலத்தைப் புறக்கணித்தால் சிகிச்சையே வீணாகிவிடுகிறது. என் வாதத்துக்கு அதைவிடப் பலமான ஆதாரம் வேறில்லை. கட்டிலிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து நாடியில் அடிபட்ட குழந்தைக்கு, வெளியே நாடியில் ஒரு தையல் போட்டு அனுப்பிவிடுகிறோம். காதுக்கு முன்னேயுள்ள தாடை மூட்டு உள்ளே நொறுங்கி இரத்தம் கட்டியிருப்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. கவனியாது விட்ட காதுச் சீழ் அந்த மூட்டைத் தாக்குவதும் உண்டு. நாளாவட்டத்தில் மூட்டு எலும்போடு எலும்பாக இறுகி, வாய் சிறுகச் சிறுக மூடிக்கொண்டே வந்து, சில வருஷங்களில் ஒரு விரல்கூட நுழையாத நிலை வந்துவிடுகிறது. கீழ்த்தாடை வளராமல் நாடி உள்ளே போய்விடுகிறது. உள்ளே துலக்க முடியாத பற்கள் சொத்தையாகின்றன. இரவில் மூச்சுத் திணறுகிறது. இறுகிய எலும்பை வெட்டியெடுத்து இடையில் தசையைப் பொதிந்து வாயைத் திறக்கச் செய்யும் சிகிச்சைக்கு, 1990-இல் லியோனார்ட் கேபன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கிரமத்தை வகுத்து வெளியிட்டபோது, தீவிரமான வாய்ப்பயிற்சியையும் அதன் பிரிக்கமுடியாத அங்கமாகச் சேர்த்தனர். ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரச்சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் செருகி, சில நாளைக்கு ஒரு சீவலாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை, பல மாதங்கள். குழந்தை அழும். 'பாவம், இன்றைக்கு விட்டுவிடுவோம்' என்று தாயும் தகப்பனும் இரங்குகிற நாட்கள் சேர்ந்துபோனால், வெட்டிய இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்து வாயை மூடிவிடுகிறது, மறுபடியும் கத்திதான். நேர்த்தியாகச் செய்த சிகிச்சையை இப்படித் தோற்கடிப்பது, அந்தப் பெற்றோருக்கு அருகிலிருந்து தைரியம் சொல்லி அளவு பார்த்துத் தர ஊரில் ஓர் ஆள் இல்லாமையே.

சர்க்காரின் கடமைக்கு வருகிறேன். சென்னையில் 1953-இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் நமக்கு வெகு தொலைவு. பொதிகை ரயில் வண்டியில் இரவு முழுதும் அமர்ந்து சென்னை சென்று, ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டு, மறுநாள் இரவு மறுபடி வண்டியேறுவதென்றால், கூலிவேலை செய்கிற தகப்பனுக்கு இரண்டு நாள் சம்பளம் போகிறது. மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குக்கூட ஏறத்தாழ 70 கிலோமீட்டர், வீங்கிய முகத்தோடு பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டும். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை காப்பீடு தருவது பெரிய காரியம்தான். ஆயினும் ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் அது கணக்கில் எடுத்துக்கொள்வது பதினைந்து நாள் செலவை மட்டுமே. எலும்பு கூடவோ ஆறு முதல் எட்டு வாரம். கிளிப்பைக் கொண்டு கடியைச் செப்பனிட அதற்கும் மேல் மாதங்கள். இறுகிய மூட்டாயின் பயிற்சி ஒரு வருஷம்வரைகூட நீளும். நோயின் கணக்கும் காப்பீட்டின் கணக்கும் இவ்வளவு தூரம் விலகி நிற்கக் கூடாது. எந்தச் சிகிச்சைக்கு எத்தனை நாள் மீளும் காலமோ அத்தனை நாளுக்குரிய பரிசோதனையும் பிரயாணச் செலவும் அந்தச் சிகிச்சையின் தொகையிலேயே சேர வேண்டும்.

வாய்ப்பயிற்சிக்குப் புதிதாக ஒரு ஸ்தாபனம் எழுப்ப வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்கமுடியாத நோயாளிகளின் வீட்டுக்கே பிசியோதெரபி நிபுணர்கள் செல்கிறார்கள். முடங்கிய காலுக்கும் தோளுக்கும் பயிற்சி தருகிறவர்களுக்குத் தாடை மூட்டின் பயிற்சியையும் சில நாட்களில் கற்பித்துவிடலாம். சிகிச்சை செய்த வைத்தியர், கடி விலகினால், ஜுரம் கண்டால், இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், இரவில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, ஒரு பிரதியை வீட்டாருக்கும் மற்றொன்றை உள்ளூர் அரசு மருத்துவமனைக்கும் அனுப்புவதைச் சட்டமாகவே ஆக்கலாம். ரப்பர் வளையம் அறுந்தால் மாட்டவும், வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து குறிக்கவும், புண்ணைப் பார்த்துத் தேவையானால் மேலே அனுப்பவும் பெருநகரத்து நிபுணர் வேண்டாம். பயிற்சி பெற்ற பல் வைத்தியர் ஒருவரே போதும். புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில், தாடையும் முகமும் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களுக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குவதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை; அந்தக் கிழமை எது என்பதைத் தென்காசி மாவட்ட நிர்வாகம் இவ்வருஷமே நிச்சயித்து அறிவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.